பழைய லேப்டாப் விண்டோஸ் லோகோ வரை வந்து ரீஸ்டார்ட் ஆகிறது: ஃபார்மட் செய்யாமல் மீட்க முடியுமா?

செம்பருத்தி:
வணக்கம் நண்பர்களே. 2011-இல் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் 7, 64 பிட், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அப்பா பயன்படுத்தியது. அதன் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது, சார்ஜரில்தான் ஓடும். சில மாதங்களாக யாரும் தொடாமல் அலமாரியில் இருந்தது.

இப்போது ஆன் செய்தால் கம்பெனி பெயர் வருகிறது, அப்புறம் விண்டோஸ் லோகோ வருகிறது, லோகோ முழுதாகச் சேர்வதற்குள் நீலத்திரை ஒரு கணம் மின்னி ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறது. இதே சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. சேஃப் மோடிலும் அதேதான். ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஓடவிட்டேன், தானாகச் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிட்டது.

தெரிந்தவர் ஒருவர் பார்த்துவிட்டு, ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டால் ஓடும் என்கிறார். அப்பா எழுதி வைத்த கோப்புகளும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. மெஷின் போனாலும் பரவாயில்லை, அவை வேண்டும். என்ன செய்யலாம்?

நெடுஞ்சாலை:
ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி கோப்புகளை எடுத்துவிட்டு, விண்டோஸ் 10 புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய விண்டோஸ் 7-ஐ ரிப்பேர் செய்து என்ன பயன்?

தாமிரக்கம்பி:
செம்பருத்தி, முதலில் ஒன்று. இனி அதை வீணாக ஆன் செய்ய வேண்டாம். சுற்றிச் சுற்றி ரீஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்க் சுழன்று படிக்கிறது, சில நேரம் எழுதவும் செய்கிறது. டிஸ்க் நலமாக இருந்தால் ஒன்றுமில்லை. அது நலமா இல்லையா என்று நமக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் சொன்னதிலேயே நல்ல செய்தி இருக்கிறது. மெஷின் எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் இந்த வேலையில் பாதி பதில். ஆன் செய்ததும் பயாஸ் (மெஷினோடு வரும், விண்டோஸுக்கு முன்பே எழும் தொடக்க நிரல்) ரேம், கீபோர்ட், திரை எல்லாம் சரியா என்று பார்க்கிறது. பிறகு டிஸ்கின் முதல் 512 பைட்டைப் படிக்கிறது, அதுதான் எம்.பி.ஆர். அங்கிருந்து ஆக்டிவ் பார்ட்டிஷனுக்குப் போகிறது, பூட் மேனேஜர் எழுகிறது, அது விண்டோஸ் லோடரைக் கூப்பிடுகிறது. லோடர், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும் தேவையான டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டுப் பொறுப்பை ஒப்படைக்கிறது. லோகோ தெரிகிறது என்றால் இதில் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டது. எம்.பி.ஆர். இருக்கிறது, பூட் மேனேஜர் இருக்கிறது, டிஸ்கைப் படிக்கவும் முடிகிறது. பூட் மேனேஜர் காணவில்லை என்றோ ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை என்றோ கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்திருந்தால் கதை வேறு.

ஆக, கெர்னல் கையில் எடுத்த உடனே எதிலோ முட்டி விழுகிறது. எதில் என்று அந்த நீலத்திரையே சொல்கிறது, நமக்குப் படிக்க நேரம் தருவதில்லை, அவ்வளவுதான். ஆன் செய்து எஃப்8 தட்டிக்கொண்டே இருங்கள். வரும் மெனுவில், கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். நீலத்திரை அப்படியே நிற்கும். ஸ்டாப் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்து, கம்பெனி பெயர் தெரியும்போதே பயாஸுக்குள் போங்கள். பெரும்பாலும் எஃப்2, சிலவற்றில் டெலிட், எஸ்கேப் அல்லது எஃப்10. இரண்டைப் பார்த்துச் சொல்லுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்: தேதி என்ன காட்டுகிறது, டிஸ்கோடு பேசும் முறையைக் குறிக்கும் சாட்டா மோட் என்ற இடத்தில் என்ன இருக்கிறது.

இரவுப்பறவை:
நெடுஞ்சாலை நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி, கோப்புகளை முதலில் எடுப்பது. ஆனால் அதை எப்படி எடுப்பது என்பதுதான் விஷயம். நோய்ப்பட்ட டிஸ்கை வேறு ஒரு விண்டோஸ் கணினியில் மாட்டினால் அது உடனே டிஸ்கை மவுன்ட் செய்யும் (பயன்பாட்டுக்குத் திறக்கும்), பிழை இருக்கிறது சரிசெய்யட்டுமா என்று கேட்கும், பலர் யோசிக்காமல் சரி கொடுத்துவிடுவார்கள். செக்டிஸ்க் ஓட ஆரம்பித்துவிடும். படிக்க முடியாத செக்டாரில் (டிஸ்கின் சிறு சேமிப்புக் கட்டத்தில்) கிடந்த கோப்பு அங்கேயே துண்டாகிப் போகும். செக்டிஸ்கின் வேலை ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்காக்குவது, உங்கள் கோப்பைக் காப்பது அல்ல. பிரதி எடுக்காத டிஸ்கில் அதை ஓட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

செம்பருத்தி:
பார்த்தேன். ஸ்டாப் பக்கத்தில் நிறைய சுழியங்கள் வந்து கடைசியில் 7பி என்று முடிகிறது. பயாஸில் தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டுகிறது. சாட்டா மோட் என்ற இடத்தில் ஐ.டி.இ. என்று இருக்கிறது. இன்னொன்று: ஆன் செய்யும்போது முதலில் ஏதோ எச்சரிக்கை வந்து, தொடர எஃப்1 அழுத்தச் சொன்னது. அது வழக்கமான ஒன்று என்று நினைத்து அழுத்தினேன்.

தாமிரக்கம்பி:
படம் தெளிவாகிவிட்டது. 7பி என்பதன் பொருள், கெர்னலால் தான் பூட் ஆன டிஸ்கையே எட்ட முடியவில்லை என்பது. தேதி பழைய நாளுக்குப் போயிருக்கிறது. சாட்டா மோட் ஐ.டி.இ.யில் நிற்கிறது. மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: உள்ளே இருக்கும் சின்ன வட்ட பேட்டரி. நாம் சிமாஸ் பேட்டரி என்கிறோமே, அதுதான்.

1984-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த பி.சி. ஏ.டி. கணினியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. கடிகாரமும் அமைப்புகளும் சிமாஸ் நினைவகத்தில் இருக்கும், மின்சாரம் போனாலும் அது மறக்காமலிருக்க ஒரு பேட்டரி. அப்பாவின் லேப்டாப்பில் பெரிய பேட்டரி ஏற்கெனவே செத்துவிட்டது. சார்ஜரும் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தபோது மொத்தச் சுமையும் அந்தச் சின்னதன் மேல் விழுந்து, அது தீர்ந்துபோயிருக்கிறது. தீர்ந்ததும் பயாஸ் தன் ஆரம்ப அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அந்த எஃப்1 எச்சரிக்கை இதைத்தான் சொல்லியிருக்கும்.

இனி ஏன் லோகோ வரை வந்து விழுகிறது என்பது. லோடர் வரை டிஸ்கைப் படித்துக் கொடுப்பது பயாஸ். சாட்டா மோடில் ஐ.டி.இ. பழைய முறை, ஏ.எச்.சி.ஐ. புதிய முறை; பயாஸுக்கு இரண்டும் ஒன்றுதான். கெர்னல் எழுந்ததும் பயாஸை விட்டுவிட்டுத் தன் சொந்த டிரைவரால் டிஸ்கைத் தொடப் பார்க்கிறது. விண்டோஸ் 7 நிறுவும்போது எந்த மோட் இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டுமே பூட் நேரத்தில் ஏற்றும், மற்றதை ஒதுக்கி வைத்துவிடும். அப்போது ஏ.எச்.சி.ஐ. இருந்திருக்க வேண்டும். இப்போது வாசலில் பூட்டு மாறிவிட்டது, கையில் பழைய சாவி. சேஃப் மோடிலும் அதே சாவிதான் என்பதால் அங்கேயும் திறக்கவில்லை. ஸ்டார்ட்அப் ரிப்பேர் ஏன் கைவிரித்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. விண்டோஸ் கோப்புகளில் கோளாறு எதுவும் இல்லை, அது எதைச் சரிசெய்யும்?

நெடுஞ்சாலை:
அப்படியானால் பயாஸில் ஏ.எச்.சி.ஐ. என்று மாற்றிவிட்டால் போதுமே? ஒரு நிமிட வேலை. இதற்கு ஏன் இவ்வளவு?

இரவுப்பறவை:
மாற்றலாம், பூட் ஆகவும் வாய்ப்பு அதிகம். பயாஸ் அமைப்பை மாற்றுவதால் டிஸ்கில் ஒரு பைட்கூட மாறாது. நான் தயங்குவது அதற்கு அடுத்த கணத்தை நினைத்து. விண்டோஸ் எழுந்துவிட்டால் சும்மா இருக்காது. பேஜ் ஃபைலில் எழுதும், பதிவேடுகளில் எழுதும், சரியாக அணைக்காத டிஸ்க் என்று கண்டால் தானே செக்டிஸ்க் தொடங்கும், தேடல் பட்டியல் போட உட்காரும். 2011-இல் வாங்கிய, சுழலும் தட்டு உள்ள டிஸ்க் அது. ஒரே பிரதி. டிஸ்க் நலமாக இருந்தால் ஒரு மாலைப்பொழுது தாமதம், அவ்வளவுதான். நலமாக இல்லாவிட்டால் அந்தத் தாமதம்தான் அப்பாவின் கோப்புகள்.

தாமிரக்கம்பி:
நானும் இரவுப்பறவை பக்கம்தான். காரணம் தெரிந்துவிட்ட மகிழ்ச்சியில் அவசரப்பட வேண்டாம். முதலில் லினக்ஸ் பென் டிரைவில் ஏற்றிப் பாருங்கள். லினக்ஸ் கெர்னல் ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ. இரண்டுக்குமான டிரைவரையும் கூடவே கொண்டுவரும், ஆகவே பயாஸ் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டாலும் டிஸ்க் தெரியும்.

வேறு கணினியில் லினக்ஸ் மின்ட் இறக்கிக்கொள்ளுங்கள். 4 ஜிபி ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவாக ஓடும். பென் டிரைவை பூட் ஆகும்படி ஆக்கும் ரூஃபஸ் மென்பொருளில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, பார்ட்டிஷன் முறை எம்.பி.ஆர். என்று வையுங்கள், உங்களுடையது பழைய பயாஸ் மெஷின். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், அதை முன்பே காலி செய்துகொள்ளுங்கள். லேப்டாப்பில் பூட் மெனு எஃப்12 அல்லது எஃப்9-இல் வரும், அங்கே யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுக்கவும்.

லினக்ஸ் எழுந்ததும் திரையில் இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் இருக்கும். அதன் பக்கமே போகாதீர்கள். கோப்பு மேலாளரில் ஹார்ட் டிஸ்க் பெயர் தெரியும், அதையும் க்ளிக் செய்ய வேண்டாம். மெனுவில் டிஸ்க்ஸ் என்று ஒரு செயலி இருக்கும். அதில் 500 ஜிபி டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள மெனுவில் ஸ்மார்ட் தரவு (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு) என்பதைத் திறங்கள். எண் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அங்கேயே முழுச் சோதனை ஓட்டும் பொத்தானும் இருக்கும், அது இப்போது வேண்டாம். டிஸ்க் முழுவதையும் படிக்க வைக்கும் வேலை அது. அவ்வளவு படிக்க வைப்பதென்றால் அது பிரதி எடுப்பதாகவே இருக்கட்டும்.

மாடிப்படி:
இடையில் புகுந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பழைய மெஷினில் பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. கம்பெனி பெயர்கூட வருவதில்லை. இதுவும் சிமாஸ் பேட்டரியா?

தாமிரக்கம்பி:
மாடிப்படி, உங்களுடையது பயாஸ் சோதனையையே தாண்டவில்லை. ஹார்ட் டிஸ்கையும் விண்டோஸையும் மறந்துவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜர் மட்டும் போட்டுப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் வெளித்திரை ஒன்றை இணைத்துப் பாருங்கள். அதில் படம் வந்தால் லேப்டாப்பின் திரையோ அதற்குப் போகும் கேபிளோதான் கோளாறு. அதிலும் இல்லையென்றால் ரேமைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். பழைய மெஷின்களில் இந்த அறிகுறிக்கு ரேம்தான் முதல் சந்தேகம். பீப் சத்தம் ஏதாவது வந்தால் அதன் வரிசையைக் கவனித்து, தனி இழையில் எழுதுங்கள். இங்கே செம்பருத்தியின் வேலை நடக்கட்டும்.

செம்பருத்தி:
லினக்ஸ் நன்றாக எழுந்தது. டிஸ்க் தெரிகிறது. எண் 5 பக்கத்தில் 0. எண் 197 பக்கத்தில் 16. எண் 198 பக்கத்திலும் 16. மேலே, டிஸ்க் சரியாக இருக்கிறது, 16 கெட்ட செக்டார்கள் என்று ஒரே வரியில் இரண்டையும் சொல்கிறது. சரியா கெட்டதா, எதை நம்புவது?

இரவுப்பறவை:
கெட்டது என்பதை நம்புங்கள். டிஸ்க் சரி என்பது, தயாரிப்பாளர் வைத்த எல்லையை இன்னும் தாண்டவில்லை என்று மட்டுமே. எல்லையைத் தாண்டாமலே செத்துப்போகும் டிஸ்குகள் உண்டு.

197 என்பது, படிக்க முயன்று முடியாமல் போய், என்ன செய்வது என்று முடிவாகாமல் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. அந்த இடத்தில் புதிதாக எழுத நேர்ந்தால் டிஸ்க் அப்போது முடிவெடுக்கும்: எழுத முடிந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், முடியாவிட்டால் உபரி செக்டார் ஒன்றுக்கு மாற்றி 5-ஆம் எண்ணில் கூட்டும். எப்படியானாலும் அங்கே முன்பு இருந்தது போய்விடும். இதனால்தான் இந்த டிஸ்கில் இனி எதுவும் எழுதக் கூடாது. 16 செக்டார் என்பது அதிகம் இல்லை, இன்று எடுத்தால் ஏறக்குறைய முழுதாக எடுத்துவிடலாம்.

டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறதா? சுழல ஆரம்பித்து நின்று மறுபடி ஆரம்பிக்கிறதா? அப்படி இருந்தால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு ஆய்வகத்திடம் மட்டும் கொடுங்கள். வீட்டில் செய்யும் எதுவும் அப்போது உதவாது.

செம்பருத்தி:
சத்தம் எதுவும் இல்லை, சீராகச் சுழல்கிறது. எப்படி எடுப்பது என்று சொல்லுங்கள்.

தாமிரக்கம்பி:
சாதாரணமாகக் கோப்புகளைக் காப்பி செய்தால், கெட்ட செக்டார் வரும் இடத்தில் நின்று மறுபடி மறுபடி படித்துக்கொண்டே இருக்கும். அதற்கு டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற கருவிதான் ஏற்றது. அது எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும், கடைசியில் திரும்பி வந்து அவற்றைச் சுரண்டும். டிஸ்க் பாதியில் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும்.

500 ஜிபியைவிடப் பெரிய வெளி டிஸ்க் ஒன்று வேண்டும். அது எக்ஸ்ட்4 அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் இருக்க வேண்டும். ஃபேட்32 உதவாது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, நமக்கு வரப்போவது 500 ஜிபி உள்ள ஒரே கோப்பு.

லினக்ஸில் இணையம் இணைத்து டிடிரெஸ்க்யூவை நிறுவுங்கள். மின்ட்டில் தொகுப்பின் பெயரில் முன்னால் ஒரு ஜி கூடுதலாக இருக்கும், கட்டளையாக அடிக்கும்போது அந்த ஜி கிடையாது. பிறகு எந்த டிஸ்க் எது என்பதை எல்.எஸ்.பி.எல்.கே. (lsblk) கட்டளையில் அளவை வைத்து உறுதி செய்யுங்கள். உள்ளே இருப்பது எஸ்.டி.ஏ., வெளியே இருப்பது எஸ்.டி.பி. என்று எப்போதும் இருக்கும் என நம்பிவிடாதீர்கள், பென் டிரைவும் வரிசையில் நிற்கும்.

கட்டளையில் முதலில் மூலம், அடுத்து இலக்குக் கோப்பு, மூன்றாவது மேப் கோப்பு. இந்த வரிசை தலைகீழானால் எல்லாம் அழியும் அபாயம் உண்டு. அடித்து முடித்ததும் என்டரைத் தட்டாமல் ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள்: இதிலிருந்து, இதற்கு, இது குறிப்பேடு. மேப் கோப்பும் வெளி டிஸ்கிலேயே இருக்கட்டும். பென் டிரைவில் ஓடும் லினக்ஸின் டெஸ்க்டாப் ரேமில்தான் இருக்கிறது, அங்கே வைத்தால் மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும். மேப் கோப்பு இருந்தால், நடுவில் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி அடித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் ஓட்டத்தில் என் (-n) என்ற விருப்பத்தைச் சேருங்கள், சுரண்டும் வேலையைத் தள்ளிவைக்கும். அது முடிந்தபின் என்-ஐ எடுத்துவிட்டு, டி (-d) விருப்பமும் ஆர்3 (-r3) விருப்பமும் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், மிச்சமிருக்கும் இடங்களை மும்முறை திரும்ப முயலும். 2011 மெஷினில் யூ.எஸ்.பி. 2.0 போர்ட் மட்டும் இருந்தால் நொடிக்கு 30 எம்பி கிடைத்தாலே நல்லது, 500 ஜிபிக்கு ஐந்து மணி நேரம் வரை ஆகும். நீலநிற யூ.எஸ்.பி. 3.0 போர்ட் இருந்தால் அதில் மாட்டுங்கள். லேப்டாப்பைத் துணி மேல் வைக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும், தூக்கத்துக்குப் போகாதபடி பவர் அமைப்பையும் மாற்றிவிடுங்கள்.

நெடுஞ்சாலை:
இதைப் படித்தபின் எனக்கே ஒரு சந்தேகம். என்னுடையது விண்டோஸ் 10, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யூ.இ.எஃப்.ஐ. உள்ள மெஷின். சிமாஸ் பேட்டரி தீர்ந்தால் எனக்கும் இப்படித்தான் ஆகுமா?

இரவுப்பறவை:
ஆகலாம், வடிவம் கொஞ்சம் மாறும். யூ.இ.எஃப்.ஐ. மெஷினில் அமைப்புகள் சில ஆரம்ப நிலைக்குப் போகும்போது, லெகசி (பழைய பயாஸ்) பூட் முறையும் யூ.இ.எஃப்.ஐ. பூட் முறையும் இடம் மாறிவிடுவது உண்டு. யூ.இ.எஃப்.ஐ.க்கான ஜி.பி.டி. பார்ட்டிஷன் முறையில் நிறுவிய விண்டோஸை லெகசி மோடில் தேடினால் பூட் டிவைஸ் இல்லை என்றுதான் வரும், டிஸ்க் மட்டும் பயாஸ் பட்டியலில் தெரியும். அந்தச் செய்தியைப் பார்த்ததும் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட் மோடை மாற்றினாலே எழுந்துவிடும்.

உங்களுக்கு முக்கியமான இன்னொன்று: டிஸ்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர். அது இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸில் பூட் அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லையென்றால் டிஸ்க் நலமாக இருந்தாலும் உள்ளே ஒன்றையும் படிக்க முடியாது, டிடிரெஸ்க்யூ எடுத்துத் தரும் பிரதியும் பூட்டியே இருக்கும். மெஷின் நன்றாக ஓடும்போதே அந்த எண்ணை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால் அங்கேயும் இருக்கும்.

செம்பருத்தி:
பிரதி எடுத்து முடிந்தது! முதல் ஓட்டத்திலேயே 99.99 சதவீதம் காட்டியது. இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் வந்தது, கடைசியாக 4 கேபி மட்டும் படிக்க முடியவில்லை என்று நிற்கிறது. அந்தப் பிரதிக் கோப்பை டிஸ்க் இமேஜ் மவுன்ட்டர் கொண்டு திறந்தேன். படங்கள் எல்லாம் இருக்கின்றன, திறந்து பார்த்தவை எல்லாம் சரியாக வருகின்றன.

ஆனால் அப்பாவின் வேர்ட் கோப்புகள் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக இருக்கின்றன. ஒரு கோப்பு இரண்டு கோப்பு இல்லை, எல்லாமே. அந்த 4 கேபி அதில்தான் விழுந்துவிட்டதா? ரொம்பவும் கலங்கிப் போயிருக்கிறேன்.

தாமிரக்கம்பி:
கலங்க வேண்டாம் அம்மா. 4 கேபி போனால் அதிகம் போனால் சில கோப்புகளில்தான் தெரியும், எல்லாக் கோப்பிலும் ஒரே மாதிரி தெரியாது. கோப்பு கெட்டிருந்தால் வேர்ட் திறக்கவே மறுக்கும், அல்லது பாதியில் வெட்டுப்படும். பத்தி, தலைப்பு, இடைவெளி எல்லாம் ஒழுங்காக இருந்து எழுத்து மட்டும் ஆங்கிலமாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அப்பா பாமினி மாதிரி ஒன்றில் தட்டச்சு செய்திருப்பார். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவம் உட்கார்ந்திருக்கும், எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் தெரியும். கோப்பில் எழுத்துரு பெயர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எழுத்துரு அதே பிரதியில், விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் இருக்கும். அதை எடுத்து உங்கள் கணினியில் நிறுவுங்கள்.

செம்பருத்தி:
ஆமாம், பாமினிதான்! எழுத்துருவை எடுத்துப் போட்டதும் எல்லாம் தமிழில் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரவுப்பறவை:
மிகவும் மகிழ்ச்சி. அந்தக் கோப்புகளை எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவந்து, மூலக் கோப்புகளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது ஒற்றெழுத்தும் கிரந்த எழுத்தும் சில இடங்களில் பிசகும், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேண்டும். பிரதிக் கோப்பை வேறு ஒரு டிஸ்கிலும் இன்னொரு முறை வைத்துவிடுங்கள். இப்போதும் அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

நெடுஞ்சாலை:
இப்போதாவது ஏ.எச்.சி.ஐ. மாற்றலாமா? முடிவைப் பார்க்க ஆவலாக இருக்கிறது.

தாமிரக்கம்பி:
இப்போது தாராளமாக மாற்றலாம். ஆனால் முதலில் சிமாஸ் பேட்டரி. அது மாறாமல் அமைப்பை மாற்றினால் சார்ஜரைப் பிடுங்கியதும் மறுபடி மறந்துவிடும். அதன்பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஏ.எச்.சி.ஐ. ஆக்கி, சேமித்து வெளியே வாருங்கள். தேதி தவறாக இருந்தால் விண்டோஸ் எழுந்த பிறகும் பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், அது வேறு கோளாறு என்று தேடி அலைய வேண்டிவரும்.

அந்தப் பழைய ஹார்ட் டிஸ்கில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். பூட் ஆகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் போதும். எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, பிரதியை அதில் இறக்குங்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. வேண்டும். அளவில் ஒரு கவனம்: 480 ஜிபி என்று விற்பதில் உங்கள் 500 ஜிபி பிரதி அடங்காது. 500 ஜிபி அல்லது அதற்கு மேல் எடுங்கள். பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மிமீ தடிமன் இருக்கும், எஸ்.எஸ்.டி. 7 மிமீ. ஆடினால் கூடவே வரும் சட்டத்தை ஒட்டிக்கொள்ளலாம். இறக்கியபின் எஸ்.எஸ்.டி.யில் செக்டிஸ்க் ஓட்டுங்கள். அங்கே அதற்குத் தடை இல்லை, அந்த 4 கேபி ஃபைல் சிஸ்டத்தின் கட்டமைப்பில் விழுந்திருந்தால் அப்போது தெரியக்கூடும்.

செம்பருத்தி:
சிமாஸ் பேட்டரி மாற்றி, ஏ.எச்.சி.ஐ. வைத்து ஆன் செய்தேன். நேராக அப்பாவின் டெஸ்க்டாப்! உடனே அணைத்துவிட்டேன். எஸ்.எஸ்.டி.க்குச் சொல்லியிருக்கிறேன். அதில் விண்டோஸ் 7-ஐயே வைத்துக்கொள்ளவா, மாற்றவா?

இரவுப்பறவை:
விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, ஆகவே நெடுஞ்சாலை முதலில் சொன்னபடி அதற்கு மாறுவதில் இப்போது பெரிய லாபம் இல்லை. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சிப்) வேண்டும், 2011 மெஷினின் பிராசஸர் மைக்ரோசாஃப்ட் பட்டியலிலேயே கிடையாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் விண்டோஸ் 7-ஐ இணையம் இல்லாமல், அப்பாவின் பழைய மென்பொருள்களுக்காக மட்டும் வைத்திருப்பேன். பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் நிறுவி அன்றாட வேலைக்கு அதைப் பயன்படுத்துவேன். எஸ்.எஸ்.டி.யில் அந்த மெஷின் ஓடும் வேகம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்கை இப்போதைக்கு அழிக்காதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் எல்லாம் சரிபார்த்து, இரண்டாவது பிரதியும் ஆனபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாடிப்படி:
தனி இழை தொடங்கிவிட்டேன். ரேம் மாற்றிப் போட்டதில் திரை வந்துவிட்டது, ஆனால் இப்போது எனக்கும் எஃப்1 அழுத்தச் சொல்கிறது. சிமாஸ் பேட்டரி எல்லா லேப்டாப்புக்கும் ஒன்றுதானா?

தாமிரக்கம்பி:
ஒன்றில்லை. பெரும்பாலும் 3 வோல்ட் சி.ஆர். 2032, ஆனால் மேசைக்கணினி போல நேரடியாகச் செருகுவது சிலவற்றில்தான். பல லேப்டாப்களில் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு கம்பியும் ஒரு சின்னக் கனெக்டருமாக வரும், அப்படியே முழுதாக வாங்க வேண்டும். சில பழைய மாடல்களில் எம்.எல். என்று தொடங்கும் எண்ணுள்ள, ரீசார்ஜ் ஆகும் வகை இருக்கும். அந்த இடத்தில் சாதாரண சி.ஆர். வகையைப் போடக் கூடாது, சார்ஜ் ஏற்ற முயன்று வீங்கிவிடும் அபாயம் உண்டு. கழற்றியதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து அதே எண்ணை வாங்குங்கள். திறப்பதற்கு முன் சார்ஜர், பெரிய பேட்டரி இரண்டையும் எடுத்துவிடுங்கள். சில மாடல்களில் அடிமூடியைத் திறந்ததும் கிடைக்கும், சிலவற்றில் கீபோர்டைத் தூக்கினால்தான் கிடைக்கும். உங்கள் மாடல் எண்ணை அந்த இழையில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.